‘எனக்கு’ வருதா ‘நான்’ வருதா? சீ, லுக், வாட்ச், ஹியர், லிசன் குழப்பத்துக்கு ஒரு வழி

வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ஆன்லைன் மீட்டிங், மேனேஜர் பேசிட்டு இருக்காரு, நடுவுல சத்தம் விட்டு விட்டு வருது. நான் ரொம்ப பவ்யமா "சார், ஐ ஆம் நாட் லிசனிங் டு யூ"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. நான் சொல்ல நினைச்சது "நீங்க பேசுறது கேக்கல", ஆனா அவருக்குப் போய் சேந்தது "நீங்க என்ன பேசினாலும் நான் காது குடுக்கப் போறதில்ல". "ஐ கேன்ட் ஹியர் யூ"ன்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். நல்லவேளை, பின்னாடி இன்னொருத்தரும் சத்தம் வரலன்னு சொன்னதால தப்பிச்சேன்.

இதுக்கு காரணம் நமக்கு இங்கிலீஷ் வராததுன்னு நான் நினைக்கல, தமிழ்ல ‘கேளு’ங்கிற ஒரே சொல்லு மூணு ஆள் வேலை பாக்குது, அதான். பாட்டு கேக்குறோம், சத்தம் கேக்குது, கேள்வியும் கேக்குறோம். இங்கிலீஷ்ல அது லிசன், ஹியர், ஆஸ்க்னு மூணா பிரியுது. ‘பாரு’வும் அப்படித்தான், சீ, லுக், வாட்ச் மூணுக்கும் நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.

ஆனா இந்த வித்தியாசம் தமிழ்லயே இருக்கு, நாம கவனிக்கிறதில்ல, அவ்வளவுதான். "எனக்கு தெரியுது", "எனக்கு கேக்குது"ன்னு சொல்றோம்ல, அங்க நாம எதுவும் செய்யல, அதுவா கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேருது. "நான் பாக்குறேன்", "நான் கேக்குறேன்"ன்னா நாம வேணும்னே செய்யிறது. சோ வாக்கியத்த மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாருங்க, ‘எனக்கு’ வந்தா சீ, ஹியர். ‘நான்’ வந்தா லுக், வாட்ச், லிசன். "இங்கருந்து மலை தெரியுது", யாருக்கு, எனக்கு, அப்ப "ஐ கேன் சீ த ஹில்". "அந்த மலைய பாரு"ன்னா நீ செய்யணும், "லுக் அட் த ஹில்".

இது எல்லா இடத்துலயும் வேலை செய்யாது, அதையும் சொல்லிடறேன். "நேத்து அவன ரோட்டுல பாத்தேன்"ல ‘நான்’ தான் வருது, ஆனா ஐ சா ஹிம் தான் சரி. அங்க "கண்ணுல பட்டான்"னு மாத்திப் பாருங்க, பொருந்துச்சுன்னா சீ. அதே மாதிரி "காதுல விழுந்துச்சு" பொருந்துச்சுன்னா ஹியர். அப்புறம் ஆள சந்திக்கிறதுக்கும் சீ தான் வரும், டாக்டர பாக்கணும்னா "ஐ நீட் டு சீ எ டாக்டர்", இங்க லுக் அட் போட்டா டாக்டர் முன்னாடி நின்னு அவர வெறிச்சுப் பாத்துட்டு திரும்பி வந்த மாதிரி ஆயிடும்.

லுக்குக்கும் வாட்ச்சுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னா, லுக்ங்கிறது கண்ண அந்தப் பக்கம் திருப்புறது, வாட்ச்ங்கிறது அங்க ஏதோ நடக்குது, அசையுது, மாறுதுன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டே இருக்கிறது. போட்டோவுக்கு லுக், மேட்ச்சுக்கு வாட்ச். போட்டோவ வாட்ச் பண்றேன்னு சொன்னா அந்த போட்டோ எப்ப அசையும்னு காத்துட்டு இருக்கிற மாதிரி கேக்கும். சினிமால மட்டும் கொஞ்சம் கலப்படம், தியேட்டருக்குப் போய் பாத்த படத்துக்கு பெரும்பாலும் சீ சொல்வாங்க, வீட்ல உக்காந்து பாத்தா வாட்ச், ஆனா டிவின்னா எப்பவும் வாட்ச் டிவி தான். பைய கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு பக்கத்துல இருக்கிறவங்கள கேக்கணும்னாலும் வாட்ச் தான், "குட் யூ வாட்ச் மை பேக்?". லுக் அட் சொன்னா ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு அவங்க வேலைய பாக்கப் போயிடுவாங்க, பை அவ்வளவுதான்.

லுக்குக்குப் பின்னாடி அட், லிசனுக்குப் பின்னாடி டு, இத மறக்கவே கூடாது. "லிசன் மீ", "லுக் மீ" ரெண்டும் தப்பு. ஆனா பாக்குற பொருளோ ஆளோ பின்னாடி வரலன்னா ஒட்டும் வேணாம், வெறும் "லுக்!", வெறும் "லிசன்!" போதும். சீ, ஹியர், வாட்ச்சுக்கு அட், டு எதுவும் தேவையில்ல. இதுல லுக் வேற ஒட்டு மாத்துனா அர்த்தமே மாறிடும், லுக் ஃபார்னா தேடுறது, லுக் ஆஃப்டர்னா பாத்துக்குறது. ஹியர் ஃப்ரம்னா அவங்ககிட்டருந்து தகவல் வர்றது, ஹியர் அபௌட்னா கேள்விப்படுறது.

போன்ல நெறைய பேர் சொல்ற "ஆர் யூ ஹியரிங் மீ?" காதுக்கு உறுத்தும். அதுவா வந்து சேர்றதுக்கு இங்கிலீஷ்ல சாதாரணமா ஐஎன்ஜி போட மாட்டாங்க, கேன் போடுவாங்க, "கேன் யூ ஹியர் மீ?", "கேன் யூ சீ மை ஸ்க்ரீன்?". "ஐ ஆம் சீயிங் யூ"ன்னு சொன்னா இன்னும் ஆபத்து, ஒருத்தர ‘சீயிங்’னா அவங்கள லவ் பண்ணிட்டு இருக்கேன்னு அர்த்தம் போகும், வீடியோ கால்ல மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. வேணும்னே செய்யிற லுக், வாட்ச், லிசன் மூணுக்கும் ஐஎன்ஜி தாராளமா போடலாம்.

பெரிய கண்ணி இன்னொண்ணு இருக்கு, ‘பாரு’ தமிழ்ல சும்மா ஒட்டிக்கிட்டு வர்ற இடம். செஞ்சு பாக்குறேன், கேட்டுப் பாரு, மோந்து பாரு, தொட்டுப் பாரு. இங்கெல்லாம் கண்ணுக்கு வேலையே இல்ல, செஞ்சு பாக்குறேன்னா "ஐ வில் ட்ரை", சீ அங்க வரவே வராது. "பாத்து போ"ங்கிறத ஒருத்தர் "சீ அண்ட் கோ"ன்னு சொல்லி என் காதாலயே கேட்டிருக்கேன், அதுக்கு "பி கேர்ஃபுல்" போதும், படிக்கட்டுன்னா "வாட்ச் யுவர் ஸ்டெப்".

மூக்கு, நாக்கு விஷயத்துல இங்கிலீஷ் கஞ்சத்தனம் பண்ணிடுச்சு, எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. கேஸ் வாசனை வருதுன்னாலும் ஸ்மெல், பூவ மோந்து பாத்தாலும் ஸ்மெல், பூ வாசமா இருக்குன்னாலும் ஸ்மெல். டேஸ்ட், ஃபீல் ரெண்டும் இதே கதை. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் மூணாவதா தனி ஏற்பாடு, பாக்க எப்படி இருக்குன்னா லுக்ஸ், கேக்க எப்படி இருக்குன்னா சவுண்ட்ஸ். "யுவர் வாய்ஸ் சவுண்ட்ஸ் டயர்ட்"னு வரும், ஹியர்ஸ் டயர்ட்னு வராது. இந்த இடத்துல பின்னாடி வர்ற சொல்லுல எல்ஒய் சேக்காதீங்க, சூப் "டேஸ்ட்ஸ் பேட்" தான். "ஸ்மெல்ஸ் பேட்லி"ன்னு இலக்கண சுத்தமா பேசுறதா நினைச்சு சிலர் சொல்வாங்க, அது ஓவர்.

கடைசியா ஒரு நுணுக்கம். "ஐ சா ஹெர் கிராஸ் த ரோட்"னா அந்த முனையிலருந்து இந்த முனை வரைக்கும் அவங்க கடந்து முடிச்சத பாத்தேன். "ஐ சா ஹெர் கிராஸிங் த ரோட்"னா கடந்துட்டு இருந்தப்ப பாத்தேன், முடிச்சாங்களா, பாதியில திரும்புனாங்களா, தெரியாது. ஹியர், வாட்ச்சுக்கும் இதே தான், "ஐ ஹேர்ட் ஹிம் சிங்"னா முழுப் பாட்டும் கேட்டாச்சு, "ஐ ஹேர்ட் ஹிம் சிங்கிங்"னா அந்தப் பக்கமா போறப்ப ரெண்டு வரி காதுல விழுந்துச்சு.