ஊட்டியிலிருந்து அரைநாள்: எமரால்டு, அவலாஞ்சி ஏரிகளுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

விடுமுறைக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஊட்டிக்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு இரவுகள்தாம். அந்த இரண்டு இரவுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரே பகலில், விடுதியில் கொடுக்கும் பட்டியலில் உள்ள பத்து இடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று வண்டி ஏறுகிறோம். நானும் அப்படி ஏறியவன்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன், வயதான பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இத்தகைய ஒரு சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டினேன். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் நின்றோம். அதில் பாதி நேரம் வண்டி நிறுத்த இடம் தேடுவதில் போனது. வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்ததால் கடைசி மூன்று இடங்களை வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தோம். மாலையில் என் மகள், "நாம் இன்று ஏரி பார்த்தோமா அப்பா?" என்று கேட்டாள். மூன்று ஏரிகளைப் பார்த்திருந்தோம்; ஒன்றும் அவள் மனத்தில் பதியவில்லை.

அடுத்த முறை வந்தபோது ஒரு காலைப்பொழுது முழுவதையும் எமரால்டு, அவலாஞ்சி என்ற இரட்டை ஏரிகளுக்கும், அவற்றுக்கு நீர் தரும் காட்டுக்கும் மட்டுமே கொடுத்தோம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மதிய உணவுக்கு ஊட்டி திரும்பிவிடலாம். வனத்துறையே தன் வண்டியில் அழைத்துச் சென்று காட்டும் சுற்று இதற்குள் அடங்குவதால், வழிகாட்டியைத் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. குறைந்த நாள் தங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஒரு பயணத்தைத்தான்.

முதலில் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து பெறும் நுழைவு அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியக் கைப்பேசி எண் இல்லாத வெளிநாட்டுப் பயணிகள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்ய முடியும் என்பதால், விமானம் ஏறும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான நாள்களில் வருவோர் கடைசி நேரம் வரை காத்திருந்தால் கோயம்புத்தூரில் இன்னோர் இரவு தங்க நேரலாம். அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ ஏறி வருவோருக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அப்படி வந்து, ஊட்டியில் டிஎன் 43 என்று தொடங்கும் பதிவெண் கொண்ட உள்ளூர் டாக்சியை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வண்டிகளுக்கு இ-பாஸ் விலக்கு உண்டு என்பது ஒரு காரணம். இறக்கத்தில் இரண்டாவது கியரை விடாமல் ஓட்டுவதும், மூடுபனி இறங்கினால் எங்கே ஒதுங்கி நிற்பது என்று அறிந்திருப்பதும் அந்த ஓட்டுநர்களுக்குக் கைவந்தவை என்பது அதைவிடப் பெரிய காரணம். டொரண்டோவின் நெடுஞ்சாலைகளில் இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் கொண்டைஊசி வளைவில் உதவாது.

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி சுமார் 25 கிலோமீட்டர். சாலை குறுகலானது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். முத்தொரை பாலாடா வந்ததும் பள்ளத்தாக்கு விரிந்து, படிப்படியாக வெட்டிய கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு வயல்கள் இருபுறமும் தெரியும். 1957 முதல் இயங்கிவரும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. வழியில் கேரட் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டுநரிடம் சொல்லி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மண் அப்பிய கேரட் ஒருபுறம் உள்ளே விழுந்து, மறுபுறம் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் கொட்டுவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அதற்குப்பின் தேயிலைத் தோட்டங்களும் நீலகிரியின் படுகர் சமூகத்தவர் ஊர்களும் மாறி மாறி வரும்.

தேயிலையைப் பற்றி ஈழத்திலும் இலங்கை மலையகத்திலும் வேர் கொண்டவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே இன்றைய டான்டீ நிறுவனமாக வளர்ந்தது. அரசு ஆவணங்களில் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாயகம் எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவரின் பேச்சில் மலையக வாடை தெரிந்தால், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அடுத்த அரை மணி நேரம் அவருடையது.

எமரால்டு ஊரைத் தாண்டியதும் நீர் தெரியத் தொடங்கும். எமரால்டும் அவலாஞ்சியும் அணை கட்டித் தேக்கிய நீர்நிலைகள். நீலகிரியில் நாம் ஏரி என்று போய்ப் பார்ப்பவை எல்லாமே மனிதர் கட்டியவைதாம். ஊட்டி நகர ஏரியும் 1823 இல் ஜான் சல்லிவன் தொடங்கிவைத்த வேலை. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தப் பக்கத்து மலைச்சரிவு ஒன்று பெருமளவில் சரிந்து விழுந்ததால், ஆங்கிலேயர் வைத்த 'அவலாஞ்ச்' (Avalanche, சரிவு) என்ற பெயர் திரிந்து அவலாஞ்சி ஆயிற்று. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரத்தில் செம்மண் பட்டை ஒன்று, யாரோ கோடு கிழித்ததுபோல், ஏரியைச் சுற்றி ஓடும். மேலே பச்சைப் புல், நடுவே சிவப்பு மண், கீழே கரும்பச்சை நீர். அந்தச் சிவப்புப் பட்டையின் அகலத்தைப் பார்த்தே, எவ்வளவு நீர் மின்நிலையத்துக்கு இறங்கிப் போயிருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

இந்த நீர்நிலைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அத்திட்டம் 1950களில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த உதவியுடன் எழுந்தது. 1950 இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் நாடுகளின் மாநாட்டில் உருவான திட்டம் என்பதால் அந்தப் பெயர். கனடாவில் வளரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கொழும்பு, கனடா, நீலகிரி மூன்றும் ஒரே தண்ணீரில் சந்திக்கின்றன என்று கேட்டதும் என் மகன் வண்டியின் கண்ணாடியை இறக்கி, முதன்முறையாக ஏரியைக் கவனமாகப் பார்த்தான். இங்கிருந்து நீர் குந்தா பாலம், கெத்தை, பரளி, பில்லூர் என்று மின்நிலையம் மின்நிலையமாகப் படியிறங்கிப் பவானி ஆற்றைச் சேர்கிறது. பில்லூர் நீர்தான் கோயம்புத்தூருக்குக் குடிநீராகவும் போகிறது. மீதி பவானிசாகர் வழியாக ஈரோட்டு வயல்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது.

அணைச்சுவரையும் மின்வாரியக் கட்டடங்களையும் படம் எடுக்க வேண்டாம், தடை உண்டு. ஏரியில் இறங்கவே கூடாது. கரை உறுதியாகத் தெரிந்தாலும் கீழே சேறும் திடீர் ஆழமும் இருக்கும்; நீரின் குளிர் நீச்சல் தெரிந்தவரையும் விறைக்கச் செய்யும்.

அவலாஞ்சி செக்போஸ்ட்டில் உங்கள் வண்டி நின்றுவிடும். அதற்கப்பால் தனியார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. வனத்துறையின் வேனிலோ ஜீப்பிலோ கட்டணம் செலுத்தித்தான் போக முடியும். வேனில் ஆள் நிறையும் வரை காத்திருக்க நேரலாம் என்பதால், நான்கைந்து பேர் கொண்ட குடும்பமாக இருந்தால் ஜீப் கிடைக்குமா என்று கேளுங்கள். காலையில் முதல் சுற்றுகளில் ஏறுவதே நல்லது. பத்து மணிக்குள் மலைகள் தெளிவாகத் தெரியும். உச்சி வேளைக்குப்பின் மேகம் இறங்கிவிட்டால் பக்கத்து மரம்கூடத் தெரியாது. கதவோரம் அல்லது முன்வரிசை இருக்கையைப் பெரியவர்களுக்குக் கேட்டு வாங்குங்கள். பின்வரிசையில் குலுக்கல் அதிகம். "அண்ணா, அம்மாவுக்கு முதுகுவலி" என்று பணிவாகச் சொன்னால் இடம் மாற்றித் தராத ஓட்டுநரை நான் பார்த்ததில்லை.

இந்தக் காட்டுச் சுற்றுதான் பயணத்தின் உயிர். வேன் நிற்கும் இடங்களில் ஒன்றிலிருந்து பார்த்தால், மலைமடிப்புக்குள் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று மேலிருந்து காலிஃபிளவர் பூவைப்போல் உருண்டு உருண்டு தெரியும். அதனால் அதைக் காலிஃபிளவர் சோலை என்றே அழைக்கிறார்கள். குளிர்காற்றுக்கு அஞ்சியதுபோல் மரங்கள் மலையின் மடிப்புகளில் மட்டும் ஒடுங்கி நிற்க, முகடுகள் முழுவதும் புல். சோலையும் புல்வெளியும் சேர்ந்த இந்த அமைப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களுக்கே உரியது; உலகெங்கும் தாவரவியலாளர்கள் இவ்வகைக் காட்டைக் குறிக்க நம் 'சோலை' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஓட்டுநர் அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் காற்று, பிறகு ஒரு பறவை, அதன்பின் எங்கோ காலடியில் நீர் கசிந்து ஓடும் ஓசை கேட்டது. சாலையோர மண்ணில் கைவைத்துப் பார்க்கச் சொன்னார். மழை பெய்து பல வாரங்களாகியும் புல்லின் வேர்ப்பகுதி நனைத்த பஞ்சுபோல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. பருவமழையில் விழும் நீரைப் புல்லும் சோலையும் உறிஞ்சிவைத்து, கோடை முழுவதும் சொட்டுச் சொட்டாக விடுவதால்தான் கீழே ஏரி வற்றாமல் இருக்கிறது. அந்த ஈரத்தைத் தொட்ட பிறகு திரும்பும் வழியில் அதே ஏரியைப் பார்ப்பது வேறு அனுபவமாக இருந்தது.

சீகை என்று இங்கே அழைக்கும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களைப் பார்த்து அடர்ந்த காடு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. புல்வெளியைத் தின்று பரவியவை. எது சோலை, எது நட்ட காடு என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள், விருப்பத்தோடு காட்டுவார்கள். குளிர்காலத்தின் பிற்பகுதியில் வந்தால் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) இரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். காட்டுக்குள் உள்ள பவானி அம்மன் கோயிலிலும் வேன் நிற்கும். அங்கே காலணியைக் கழற்றும்போது தரை சில்லிடும் என்பதால் பெரியவர்களுக்குக் கம்பளிக் காலுறை ஒன்று கையில் இருக்கட்டும். வழியில் தோடர் பழங்குடியினரின் மந்து தென்பட்டால் அது அவர்கள் குடியிருப்பும் வழிபாட்டிடமும் ஆகும். அழைப்பில்லாமல் உள்ளே போவதோ படம் எடுப்பதோ முறையன்று.

எப்போது வருவது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கனடா, ஐரோப்பிய பள்ளி விடுமுறையான ஜூலையும் ஆகஸ்டும் இங்கே தென்மேற்குப் பருவமழையின் உச்சம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கனமழை எச்சரிக்கை வந்தால் சுற்றை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அந்த மாதங்களில் வருவோர் முந்தைய நாள் மாலையில் விசாரித்துவிட்டே புறப்பட வேண்டும். கேட் மூடியிருந்தால் வாதாடாமல் திரும்புங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருவோருக்கு வானம் தெளிவாக இருக்கும், ஆனால் நவம்பரில் நீர்ப்பனியும் அதன்பின் உறைபனியும் விழும். விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். டொரண்டோக் குளிரைக் கண்டவர்களுக்கு இது என்ன என்று ஜாக்கெட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். இங்கே பல விடுதிகளில் அறைச் சூடேற்றி இல்லை.

தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் உட்படப் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு நீலகிரியில் தடை உண்டு. சோதனைச்சாவடிகளில் பறிமுதல் செய்து அபராதமும் விதிக்கிறார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்து, தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம். எமரால்டைத் தாண்டினால் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது, ஆகவே ரொக்கம் வைத்திருங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்கள் அதையும் கையில் எடுத்துவருவது நல்லது, ஏனெனில் தேசியப் பூங்கா, சரணாலய நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்கு இந்தியருக்குரிய தொகையே பொருந்தும். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல், வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வளைவில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

அவலாஞ்சி மூடியிருந்தால் மாற்று, கூடலூர் சாலையில் உள்ள பைக்காரா அணை. படகுச் சவாரியும் அருவியும் உண்டு, கூட்டமும் உண்டு.

திரும்பும் வழியில் எமரால்டு கடைத்தெருவில் இறங்கி, சூடான தேநீரும், வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டும் சாப்பிடுங்கள். வர்க்கியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட வேண்டும். ஒரு நொடி கூடினால் உடைந்து டம்ளருக்குள் போய்விடும் என்று கடைக்காரம்மா என் மகளுக்குச் செய்துகாட்டினார். பன்னிரண்டரைக்குள் அங்கிருந்து கிளம்பினால் மேகம் இறங்குவதற்கு முன் ஊட்டியை அடைந்துவிடலாம்.