தெர்மாகோல் கட்டர் செய்கிறீர்களா? ஒயரைக் கடைசியில் வாங்குங்கள்

மேடை அலங்காரத்துக்கும் பள்ளிக்கூட மாடலுக்கும் தெர்மாகோல் வெட்டுகிற சூட்டுக்கம்பி கட்டரை ஒரே ஒரு 18650 செல்லில் (18 மிமீ குறுக்களவு, 65 மிமீ நீளம் உள்ள லித்தியம் செல்) ஓட்டலாம். செல், சுவிட்ச், கரண்ட் பாய்ந்தால் சூடாகிற நிக்ரோம் கம்பி, அவ்வளவுதான். சுற்று இவ்வளவு எளிது என்பதாலேயே கையில் கிடைத்த ஒயரைப் போட்டுவிடத் தோன்றும். நானும் போட்டேன், பழைய ரிப்பன் கேபிளில் இரண்டு இழையைக் கிழித்து. நிக்ரோம் சரியாகச் சூடாகவில்லை, ஒயர்தான் வெதுவெதுப்பானது. சரி, கனமான ஒயர் போட்டால் போயிற்று என்று மாற்றினேன், இந்த முறை செல் ஹோல்டரின் மெல்லிய ஸ்பிரிங் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டது. சூடாக வேண்டியது நிக்ரோம் மட்டும்தான். வேறு எது சூடானாலும் அந்த இடத்தில் தப்பான சாமான் இருக்கிறது.

அதனால் கணக்கை நிக்ரோமிலிருந்து தொடங்குங்கள். 0.4 மிமீ தடிமன் உள்ள கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 8.7 ஓம். 25 செமீ எடுத்தால் 2.2 ஓம். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட், ஆக 1.9 ஆம்பியர், 8 வாட். தெர்மாகோலுக்கு இது போதும். கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தால் தெர்மாகோல் கருகிப் புகைகிறது, அந்தப் புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வெட்ட வேண்டும். அதே கம்பியை 10 செமீ ஆக்கிவிட்டால் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். கம்பியைச் சின்னதாக்கினால் வேலை லேசாகும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஹீட்டர் காயிலிலிருந்து நீட்டி எடுத்த கம்பி என்றால் தடிமன் தெரியாது, மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். அளக்குமுன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், மீட்டரே 0.2, 0.3 ஓம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 9900 எம்ஏஹெச் என்று அச்சடித்த 18650-ஐ யாராவது நீட்டினால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள், அந்த அளவு உடம்பில் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், போலி பெரும்பாலும் கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும். சாம்சங் 25ஆர் போன்றது 2500 எம்ஏஹெச்தான், ஆனால் தொடர்ந்து 20 ஆம்பியர் கொடுக்கும். நமக்கு வேண்டிய 2 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லை நான் இதற்குப் போட மாட்டேன்.

செல்லின் மேல் முனையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் பொத்தான் பிளஸ். அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிற விளிம்பு மைனஸ், ஏனென்றால் உலோக உடம்பு முழுவதுமே மைனஸ்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும். உறை கிழிந்திருந்தால் புது உறை போடாமல் தொடாதீர்கள். சட்டைப்பையில் சாவியோடு போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்லில் நேரடியாக ஈயம் வைக்கவும் கூடாது, சூடு உள்ளே இறங்கும். தடித்த பித்தளைத் தகடு உள்ள ஹோல்டர் வாங்குங்கள். ஹோல்டரோடு வருகிற ஒயரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. வெட்டிவிட்டு உங்கள் ஒயரைப் போடுங்கள்.

இப்போது ஒயர். கடையில் 40/76 கேளுங்கள், 40 இழை, 1 ஸ்கொயர் எம்எம்-க்குச் சற்று மேல். 23/76-ம் இந்தக் கரண்டுக்குத் தாங்கும், ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது ஏன் குறைக்க வேண்டும்? இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் சரி. மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியத்தில் செம்பு பூசியது, திருப்பிக் கொடுங்கள். நிக்ரோமை ஒட்டி வருகிற கடைசிப் பத்து செமீ மட்டும் சிலிக்கோன் உறை ஒயராக இருக்கட்டும், சாதாரண பிவிசி அங்கே உருகும். நிக்ரோமில் சாதாரண ஈயம் ஒட்டாது. பீங்கான் கனெக்டரில் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள்.

சுவிட்ச், அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற வகையாக, 5 ஆம்பியருக்குக் குறையாததாக. சர்க்யூட் போர்டில் வரும் குட்டி பட்டன் பெரும்பாலும் 50 மில்லிஆம்பியருக்கானது, நேரடியாகப் போட்டால் கருகிவிடும். அதுதான் வேண்டும் என்றால் நடுவில் மாஸ்ஃபெட் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் போட வேண்டும், அதற்கு ஐஆர்எஃப்இசட் 44 என் வேண்டாம்; கேட் என்கிற அதன் கட்டுப்பாட்டு முனையில் 4 வோல்ட் கொடுத்தால் அது முழுதாகத் திறக்காது, அரைகுறையாகத் திறந்து தானே சூடாகும். ஐஆர்எல்இசட் 44 என் கேளுங்கள், நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், சென்னை ரிச்சி தெருவில் அவசரத்தில் கேட்டால் மாறி வந்துவிடும். கேட்டுக்கும் சோர்ஸ் என்கிற இன்னொரு முனைக்கும் இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் தானாக ஆன் ஆகலாம். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது பட்டனை விட்டாலும் கம்பி அணையாது.

அதை ஃபியூஸ் நிறுத்தாது, 2 ஆம்பியருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போகாது; செல்லைக் கழற்றத்தான் வேண்டும். ஃபியூஸ், ஒயர் எங்காவது ஷார்ட் ஆனால் காப்பாற்ற. பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், செல்லின் பிளஸ்ஸிலிருந்து இரண்டு விரற்கடைக்குள். சார்ஜ் செய்ய டிபி 4056 போர்டு போதும், ஆனால் அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று தனி முனைகள் உள்ளதை வாங்குங்கள். அவை இல்லாத போர்டில் பாதுகாப்புச் சுற்று கிடையாது. பாதுகாப்புள்ள போர்டு சுமார் 3 ஆம்பியரில் கட் ஆகும். கட் ஆனால் போர்டைத் திட்டிவிட்டு செல்லிலிருந்து நேரே ஒயர் இழுப்பவர்கள் உண்டு. செல்லில் சார்ஜ் இருந்தும் கட் ஆகிறது என்றால் பெரும்பாலும் கம்பி சின்னதாக இருக்கிறது, அதை நீட்டுங்கள்.

எல்லாம் கட்டியதும் ஒரு நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடித்துவிட்டு, பட்டனை விட்டு, செல், ஹோல்டரின் இரண்டு முனை, ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கே சுடுகிறதோ அந்தச் சாமானை மாற்றிவிட்டு, மறுபடி ஒரு நிமிடம்.