விடும் மூச்சை மட்டும் எண்ணுங்கள்

தியானத்துக்கு உட்காரும்போது உள்ளே போகும் மூச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெளியே விடும் மூச்சை மட்டும் 1 முதல் 10 வரை மனசுக்குள் எண்ணுங்கள். பத்து முடிந்தால் மறுபடி ஒன்று. நடுவில் ‘கேஸ் புக் பண்ணலையே, நாளைக்கு என்ன டிபன்’ என்று மனம் ஓடி எண்ணிக்கை தப்பினாலும் அதே ஒன்றுதான். பதினான்கு, பதினைந்து என்று போய்க்கொண்டிருப்பது திடீரென்று தெரியவரும். எல்லோருக்கும் நடப்பதுதான், திரும்பி வாருங்கள்.

ஜப்பானிய ஜென் மரபில் புதிதாக உட்காருபவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது வழக்கம். எதையும் நினைக்காதே என்றால் மனம் கேட்காது. சின்னதாக ஒரு வேலை கொடுத்தால் கேட்கும். பத்தோடு நிறுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நூறு வரை போக விட்டால் எண்ணிக்கை தன்பாட்டுக்கு ஓடும், மனம் கடைத்தெருவில் நிற்கும். தவிர, மூச்சை விடும்போது இதயத்துடிப்பு லேசாகக் குறைவதால் உடம்பும் கூடவே அடங்குகிறது.

பத்மாசனம் கட்டாயமில்லை, முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போதும். பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண் கடிகாரத்துக்கே போகும்.

வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு இது சரிப்படாது, மூன்றாவது எண்ணிலேயே தூக்கம் வந்துவிடும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்களும், சளியால் மூக்கடைத்திருப்பவர்களும் எண்ணுவதை விட்டுவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம்.