பழைய பண்ணைப் படங்கள்: ஸ்கேன் செய்வது, ஆண்டு கணிப்பது, பெயர் சேர்ப்பது

கோவை வேளாண் கல்லூரி போன்ற இடங்களின் பழைய குழுப்படங்களில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அட்டையின் அடியிலேயே இருக்கும். அதே கல்லூரிப் பண்ணையில் நாற்று நடும் பெண்களுக்கும் காளை பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டியவருக்கும் பெயர் இருக்காது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் விவரம் கேட்பதும் ஸ்கேன் செய்வதும் ஒன்றாகவே நடக்க வேண்டும்.

முதலில் படத்தின் பின்பக்கத்தைப் பிரதி எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, மங்கிய கையெழுத்து எல்லாம் அங்கேதான் கிடக்கும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது: மேலே உள்ள ஜெலட்டின் படலம் ஊறும், பூஞ்சை பிடித்த இடமானால் முகமே துணியோடு வந்துவிடும். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்.

ஸ்கேனரில் அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். நூறு பேர் நிற்கும் குழுப்படத்துக்கும் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கும் 1200 வையுங்கள், 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்தால் மைக்கறையையும் எழுத்தையும் பிறகு பிரித்துப் பார்க்கலாம். தானாகத் தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தூரத்தில் தெரியும் நாற்றுக் கட்டையும் அது தூசி என்று அழித்துவிடும். டிஃப் (TIFF) கோப்புதான் மூலப்பிரதி, அதில் கை வைக்கக் கூடாது. திருத்தமெல்லாம் ஜேபெக் பிரதியில்தான். சுருண்ட படத்தை மூடியால் அழுத்தினால் விரிசல் விடும். அதை இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கேமராவில் எடுப்பதே நல்லது.

வினிகர் வாடை வரும் நெகட்டிவ்களைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள்; அவை சுருங்கிக்கொண்டே போகும். 1950க்கு முந்தைய ஃபிலிம் பழுப்பேறிப் பிசுபிசுத்தால் அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். வெயிலிலோ சூடான பரணிலோ வைக்காமல், ஆவணக் காப்பகத்தாரிடம் கேளுங்கள்.

ஆண்டு கணிக்கப் படத்துக்குள்ளேயே தடயம் உண்டு. கோவை வேளாண் கல்லூரியின் வேர் 1868இல் சைதாப்பேட்டையில். கோவைக்கு மாறியது 1906இல். பெயர்ப்பலகையில் 'தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்' என்றிருந்தால் படம் 1971க்கு முந்தையதல்ல. டிராக்டரில் 'மாசி ஃபெர்குசன்' என்றிருந்தால் 1950களின் பிற்பகுதியோ அதற்குப் பின்னரோ. ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் 1966க்குப் பிறகுதான் பரவியது. இடுப்புக்கு மேல் வளர்ந்து சாய்ந்து கிடக்கும் பயிர் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம். கவலையை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் 1930களில் வந்த பிறகும் பல கிணறுகளில் காளைகளே நீர் இறைத்தன.

பெயர் கேட்கப் போகும்போது மூலப்படம் வேண்டாம். ஏ4 அளவில் அச்செடுத்து, ஒவ்வொரு தலைக்கும் மேல் எண் போட்டுக் கொண்டுபோங்கள். 'இது யார்?' என்று மட்டும் கேட்டால் பலருக்குப் பதில் வராது. எந்த வயல், யாருடைய மாடு, பரம்படிப்பா போரடிப்பா என்று கேட்டால் பெயர் தானாக வரும். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருவர் வேறு பெயர் சொன்னால் இரண்டையும் வையுங்கள். ஊகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடாவிட்டால், பின்னால் வருபவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

படத்தின் பின்னால் எண்ணை மட்டும், மென்மையான பென்சிலால், ஓரமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் புடைக்கும். மூலப்படங்களை அமிலமில்லாத காகித உறையில் போட்டு, வீட்டின் உள்ளறை அலமாரியில் வையுங்கள். பி.வி.சி. உறையும் செய்தித்தாளும் அந்துருண்டையும் ஆகாது. கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பெயர் சொன்ன குடும்பத்துக்கு ஓர் அச்சுப் பிரதி கொடுங்கள். அடுத்த படம் பெரும்பாலும் அவர்கள் பெட்டியிலிருந்துதான் வரும்.