கேள்வி கேட்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

அரசியல் நேர்காணல் செய்ய ஆசைப்பட்டு வரும் இளைஞர்களிடம் 'யாரைப் போல வரணும்?' என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வீடியோ துண்டைத்தான் சொல்கிறார்கள். பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மேன் ஒரே கேள்வியை விடாமல் கேட்டது. 2004-ல் தொலைக்காட்சி நெறியாளர் கரண் தாப்பரிடம் ஜெயலலிதா முகத்துக்கு நேராகவே அதிருப்தியைச் சொல்லிவிட்டுப் பேட்டியை முடித்தது. 2007-ல் அதே தாப்பர் முன்னிருந்து, அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி சில நிமிடங்களிலேயே மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்து போனது. இந்தத் துண்டுகளைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ள நினைப்பதுதான் முதல் தவறு. அதில் குரல் தெரியும், முறைப்பு தெரியும். அதற்கு முன் படித்த காகிதம் தெரியாது.

பாக்ஸ்மேன் பேட்டியையே எடுத்துக்கொள்வோம். 1997 மே 13. எதிரே மைக்கேல் ஹோவர்ட். அந்த மாதத் தொடக்கம் வரை பிரிட்டனின் உள்துறை அமைச்சர், அப்போது கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டவர். சிறை அதிகாரி ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்யும் விவகாரத்தில், சிறைத் துறைத் தலைவர் டெரெக் லூயிஸின் முடிவை மீறிவிடுவதாக அவர் மிரட்டினாரா என்பது கேள்வி. 'அவருக்கு உத்தரவிட எனக்கு அதிகாரம் இல்லை, நான் உத்தரவிடவும் இல்லை' என்று ஹோவர்ட் பதில் சொன்னார். கேட்டது மிரட்டலைப் பற்றி, வந்த பதிலோ உத்தரவைப் பற்றி. இந்த ஒரு சொல் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாக்ஸ்மேன் ஏறத்தாழ பன்னிரண்டு முறை அதே கேள்விக்குத் திரும்பினார். அடுத்து வர வேண்டிய செய்தித் தொகுப்பு தயாராகாததால் நேரத்தை நீட்டச் சொன்னார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே பதிலாக ஏற்கும் கேள்வி கையில் இல்லாவிட்டால், நீட்டச் சொன்னாலும் நீட்டியிருக்க முடியாது.

நம் விவாத மேடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி எது? 'உங்க ஆட்சியில ஊழல் நடந்திருக்குன்னு சொல்றாங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?' இதற்கு ஒரு செய்தித் தொடர்பாளர் ஐந்து நிமிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். 'இந்தத் தேதியில் இந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட்டீர்களா?' என்று கேட்டால் அப்படிப் பேச முடியாது. ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்பதும் இதே போன்ற தவறுதான். எதிரில் இருப்பவர் மூன்றில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கூர்மையான கேள்வி நெறியாளரின் திறமையால் மட்டும் வருவதில்லை. 1977-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனைப் பேட்டி கண்ட பிரிட்டன் நெறியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் அதற்கு நல்ல சாட்சி. பன்னிரண்டு நாட்கள், 28 மணி நேரத்துக்கும் மேல் பதிவு. ஆரம்ப நாட்களில் நிக்சன் நீண்ட நீண்ட பதில்களால் நேரத்தைத் தின்றார். அவர் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் பற்றிய அமர்வில் நிலைமை மாறியது. ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர் என்ற ஆய்வாளர், அதுவரை வெளியில் பேசப்படாத ஒலிநாடாப் பதிவுகளின் எழுத்து வடிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து ஃப்ராஸ்ட் வரி வரியாகப் படித்தபோது நிக்சன் அதை எதிர்பார்க்கவில்லை. முகத்தைக் காட்டியவர் ஃப்ராஸ்ட். அந்த நாளை வென்றது ரெஸ்டன் காகிதங்களோடு கழித்த மாதங்கள்.

தமிழ்நாட்டில் அந்தக் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. சட்டமன்றத்தில் துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், வேட்பாளர் தன் சொத்து, வழக்கு விவரங்களோடு படிவம் 26-ல் தரும் பிரமாணப் பத்திரம், எல்லாமே பார்க்கக் கிடைப்பவை. இவற்றில் ஒன்றைக்கூடப் புரட்டாமல், காலை நாளிதழின் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

விருந்தினர் எழுந்து போவதை வெற்றியாக எண்ணுவதும் தவறு. மோடி எழுந்து போன காட்சியைச் சேனல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது, ஊரெல்லாம் பேசியது. ஆனால் 2002 கலவரம் பற்றித் தாப்பர் கேட்க வைத்திருந்த மற்ற கேள்விகளுக்கு அன்று பதில் வரவில்லை. அவர் கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை, அந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும். எழுந்து போக வைப்பதையே குறியாக வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தவறு கேமராவில் தெரியாது. அது நெருக்கம். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் டிம் ரஸர்ட் 1991 முதல் 2008-ல் இறக்கும் வரை 'மீட் தி பிரஸ்' என்ற அரசியல் நேர்காணல் நிகழ்ச்சியை நடத்தியவர். தலைவர்களின் பழைய பேச்சைத் திரையில் போட்டு, இன்றைய பேச்சோடு ஒப்பிட்டுக் கேட்பது அவர் பாணி. அவரை மிஞ்சித் தயாராகி வருகிறவர் இல்லை என்பார்கள். ஆனால் 2007-ல், துணை அதிபர் டிக் செனியின் தலைமை உதவியாளராக இருந்த லூயிஸ் லிபி மீதான வழக்கில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. மூத்த அதிகாரிகள் தன்னோடு பேசுவதைப் பொதுவாக ரகசியம் என்றே எடுத்துக்கொள்வதாக ரஸர்ட் சாட்சி சொன்னார். செனியின் ஊடக உதவியாளரோ, தாங்கள் சொல்ல நினைப்பதைத் தங்கள் கட்டுப்பாட்டில் சொல்ல ஏற்ற மேடை அந்த நிகழ்ச்சிதான் என்று குறித்து வைத்திருந்தார். இத்தனை உழைத்தவருக்கே இப்படி நேர்ந்தது. அமைச்சர் வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முன்பு அதிபர் கிளிண்டனிடம் பணியாற்றிய ஏபிசி தொலைக்காட்சி நெறியாளர் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலஸ், கிளிண்டன் அறக்கட்டளைக்குக் கொடுத்த 75,000 டாலரை நேயர்களிடம் சொல்லாமல் விட்டு, 2015-ல் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, தவறு நடந்த பிறகு செய்யும் தவறு. ஒருமுறை நேரலையில் ஓர் அமைச்சரிடம் ஒரு திட்டத்தின் ஒதுக்கீட்டைத் தவறான ஆண்டோடு சேர்த்துக் கேட்டுவிட்டேன். அவர் அப்போதே திருத்தினார். அது காதில் விழாததுபோல நான் அடுத்த கேள்விக்குப் போனேன். நிகழ்ச்சி முடிந்து ஆவணத்தைப் புரட்டினால், அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் வேலையாக, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, பிழை யாருடையது என்று சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல ஒரு நாள் காத்திருந்ததற்காக இன்றும் வருந்துகிறேன். அந்தக் கேள்வி வேறு யாரோ வெட்டியெடுத்த துண்டாக இன்னும் யூடியூபில் கிடக்கிறது, திருத்தம் அதனோடு இல்லை.