மஸ்டடான் சர்வர் திணறியபோது

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியதும், புதுச்சேரியிலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் மஸ்டடான் சர்வரில் புது ஆட்கள் குவிந்துவிட்டார்கள். மஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளம்; பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளை அனுப்பிக்கொள்ளும். பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் காலையில் போட்ட பதிவு, வேறு சர்வரில் இருக்கும் கடலூர் நண்பருக்கு மாலையில்தான் போய்ச்சேரும். பின்னணி வேலைகளை வரிசையில் வைத்து முடிக்கும் சைட்கிக் என்ற மென்பொருளின் திரையில், 'டிஃபால்ட்' (நம் சர்வர் ஆட்களுக்கான வேலைகள்), 'புஷ்' (மற்ற சர்வர்களுக்கு அனுப்புவது) வரிசைகள் ஏறிக்கொண்டே இருந்தன, சிபியு பாதிகூட வேலை செய்யவில்லை. பெரிய மெஷின் வாங்கியிருந்தால் வீண் செலவுதான்.

வரிசைக்கு ஒன்றாக சைட்கிக்கைத் தனித்தனி சர்வீஸாகப் பிரித்தேன். குறித்த நேரத்தில் செய்யும் வேலைகளுக்கான 'ஷெட்யூலர்' வரிசை மட்டும் ஒரே இடத்தில்தான் ஓட வேண்டும். இதில் விளையாடவே கூடாது. ஒரே சமயத்தில் வேலை செய்யும் த்ரெட்கள் கூடக்கூட, டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் 100 இணைப்புகள் போதவில்லை. நடுவில், கொஞ்சம் இணைப்புகளையே எல்லா த்ரெட்களுக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை வைத்தேன். அப்புறம் வரிசை மளமளவென்று வடிந்தது. மெயில் அனுப்பும் 'மெயிலர்ஸ்' வரிசை தனியாக ஓடுவதால், புதிதாகச் சேர்பவருக்கு உறுதிப்படுத்தும் மெயில் இப்போது உடனே போகிறது.