லப்டொப் திறந்ததும் த்ரொட்டில்ஸ்டொப் தானாக ஓடவேண்டுமா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த கேமிங் லப்டொப் யாழ்ப்பாணத்தில் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் கோர் ஐ7-8750எச் அல்லது 9750எச்: ஆறு கோர், 45 வாட். குளிர்நாட்டில் ஓடிய மெஷின் சித்திரை வெயிலில், மின்விசிறிகூட இல்லாத அறையில், 100 பாகையைத் தொட்டுவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்தாகத்தான் பெடியள் த்ரொட்டில்ஸ்டொப் என்ற, புரொசெசரின் வோல்டேஜை மாற்றும் மென்பொருளை இறக்குகிறார்கள். வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும். அதே சூட்டு எல்லைக்குள் புரொசெசர் கூடிய வேகத்தில் நிற்கும்.

ஆனால் குறைத்த வோல்டேஜ் பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில், பதிவதில்லை. அது புரொசெசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தில் எழுதப்படுகிறது. லப்டொப்பை நிறுத்தினால் அழிந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் வந்தபின் மென்பொருள் அதைத் திரும்ப எழுதவேண்டும். "சேவ் பண்ணினேன், ரீஸ்டார்ட் பண்ணினால் காணவில்லை" என்ற முறைப்பாடு எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நாங்களும் விட்ட பிழைகள்தான். கம்பஸுக்கு வரும் ஒவ்வொரு புதிய பட்ச்சும் அவற்றை முதலாவதிலிருந்து விடுகிறது.

தூசு துடைக்காதது, தேர்மல் பேஸ்ட் காய்ந்துபோனது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஷோர்ட்கட் போடுவது

வேலை செய்யாது. த்ரொட்டில்ஸ்டொப்புக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். அப்படி உரிமை கேட்கும் புரோகிராமை விண்டோஸ் லொகின் நேரத்தில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து ஓடவிடாது. பிழைச் செய்தியும் காட்டாது, பேசாமல் விட்டுவிடும். அந்த மௌனத்தைப் பார்த்து அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும் யூ.ஏ.சி. பாதுகாப்பை முழுதாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. சரியான வழி, புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர்தான். அதற்குள்ளும் குழிகள் இருக்கின்றன, கீழே வருகிறது.

ஸிப்புக்குள் இருந்தே ஓட்டுவது

ஸிப் கோப்பைத் திறந்து உள்ளேயே இரட்டைக் கிளிக் செய்தால் புரோகிராம் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இருந்து ஓடும். அமைப்புகள் எல்லாம் "த்ரொட்டில்ஸ்டொப்.ஐ.என்.ஐ" என்ற கோப்பில், புரோகிராம் இருக்கும் அதே ஃபோல்டரில் பதியும். தற்காலிக ஃபோல்டர் போனால் அதுவும் போகும். சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் பிரித்துப் போடுங்கள். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், பென் டிரைவ் எதுவும் வேண்டாம்.

சோதிக்காத வோல்டேஜைத் தானாக ஓடவிடுவது

மற்றப் பிழைகள் அரை மணித்தியாலத்தைத்தான் தின்னும். இது ஒருவரின் கோப்புகளையே தின்னும். இத்தனை தரம் பார்த்தும் இன்னும் எரிச்சல் வரும் பிழை இதுதான்.

நடப்பது இப்படி. யாரோ ஒருவர் வீடியோவில் மைனஸ் 150 மில்லிவோல்ட் போட்டிருப்பார். பெடியனும் கோர், கேஷ் (புரொசெசருக்குள் இருக்கும் நினைவகம்) இரண்டையும் 150க்கு இழுக்கிறான். பத்து நிமிடம் கேம் ஓடுகிறது, சந்தோஷம். த்ரொட்டில்ஸ்டொப்பில் வோல்டேஜ் மாற்றும் எஃப்.ஐ.வி.ஆர். ஜன்னலில் "சேவ் வோல்டேஜஸ் இமீடியட்லி" என்பதைத் தெரிகிறான். அன்றிரவே டாஸ்க் ஷெடியூலரில் லொகின் ஆனவுடன் ஓடும்படி போட்டுவிட்டுப் படுக்கிறான். காலையில் லொகின் செய்கிறான், திரை உறைகிறது. ரீஸ்டார்ட், லொகின், நீலத் திரை. மறுபடியும் அதேதான். உறைந்தபின் மென்பொருளைத் திறந்து அமைப்பை மாற்றவும் முடியாது.

அடுத்தது கடை. "அண்ணை, விண்டோஸ் கரப்ட் ஆயிட்டுது போல, அடிச்சுத் தாங்கோ." கடைக்காரரும் கேட்டதைச் செய்கிறார். சி டிரைவில் இருந்த புரொஜெக்ட், அக்காவின் கலியாணப் படங்கள், எல்லாம் போயிற்று. விண்டோஸ் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தால் போதும். இதைவிட எரிச்சல், புதிதாக அடித்த விண்டோஸிலும் அடுத்த நாளே அதே 150ஐப் போடுவது.

பத்து நிமிடக் கேம் ஏன் சோதனை ஆகாது? முழுப் பாரத்தில் சூட்டாலும் வாட் எல்லையாலும் ஆறு கோரும் வேகம் குறைந்து ஓடும். அந்த வேகத்துக்கு வேண்டிய வோல்டேஜும் குறைவு. பாரம் இல்லாமல் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதுதான் 8750எச்சில் ஒரு கோர் 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை திடீரென்று பாயும். ஆகக்கூடிய வேகத்துக்கு ஆகக்கூடிய வோல்டேஜ் தேவை. நீங்கள் குறைத்த அளவு அந்த இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். சினிபெஞ்ச் என்ற முழுப் பாரச் சோதனையைத் தாண்டிய மெஷின் யூடியூப் பார்க்கையில் விழுவதன் காரணம் இது. ஒரே மாடல் புரொசெசர் இரண்டை எடுத்தாலும் ஒன்று தாங்கும் அளவை மற்றது தாங்காது. வீடியோக்காரரின் எண் அவருடைய சிப்புக்கு மட்டும்தான்.

ஒழுங்காகச் செய்வதென்றால்: எஃப்.ஐ.வி.ஆர். ஜன்னலில் "டு நொட் சேவ் வோல்டேஜஸ்" என்பதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விழுந்தாலும், பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்தி முழுதாக நிறுத்தித் திறந்தால் பழைய வோல்டேஜுக்கே வந்துவிடும். "அன்லொக் அட்ஜஸ்டபிள் வோல்டேஜ்" என்பதைத் தெரிந்து, கோர், கேஷ் இரண்டுக்கும் ஒரே அளவாக மைனஸ் 50இல் தொடங்குங்கள். உள்ளேயே இருக்கும் டி.எஸ். பெஞ்சில் 960எம் சோதனையை ஓட்டுங்கள். பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்கவேண்டும். பத்துப் பத்தாகக் கீழே இறங்குங்கள். விழுந்த இடத்திலிருந்து 15 முதல் 20 வரை மேலே ஏறி நில்லுங்கள். 80இல் நின்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஒரு கிழமை அந்த அளவிலேயே அன்றாட வேலை பாருங்கள். ஒவ்வொரு நாளும் கையாலேயே போடுங்கள். மூடித் திறவுங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓட்டுங்கள். கிழமை முடிவில் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து "வீயா-லொகர்" என்ற மூலத்தில் 19ஆம் இலக்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். புரொசெசர் பிழைவிட்டுத் தானே திருத்திக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். திரை உறையாவிட்டாலும் அது எச்சரிக்கைதான், இன்னும் 15 மில்லிவோல்ட் மேலே ஏறுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இப்போதுதான் "சேவ் வோல்டேஜஸ் இமீடியட்லி" என்பதற்கு மாற்றி டாஸ்க் போடுங்கள்.

எங்கள் ஊர்க் குழப்பம் ஒன்றும் இதில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லப்டொப்பின் பட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். கரண்ட் நின்றால் மெஷினும் அப்படியே நிற்கும். அடுத்த தடவை "கேர்னல்-பவர் 41" என்று பதிவு விழும். அதைப் பார்த்து வோல்டேஜில் பிழை என்று மாற்றத் தொடங்காதீர்கள். ஒழுங்காக நிறுத்தப்படவில்லை என்பதை மட்டும்தான் 41 சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கரண்ட் நின்ற நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வலையில் மாட்டியவர்களுக்கு: டாஸ்க் லொகினுக்குப் பிறகுதான் ஓடும். ஆகவே பாஸ்வேர்ட் கேட்கும் திரை பத்திரமான இடம். அங்கேயே நின்று, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி பவர் ஐகனில் ரீஸ்டார்ட் கொடுங்கள். "ட்ரபிள்ஷூட்", "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்", "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்", ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே த்ரொட்டில்ஸ்டொப் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு வழமைபோல் திறவுங்கள், அவ்வளவுதான். இரண்டு முன்னேற்பாடுகள் மட்டும் வேண்டும். சேஃப் மோடில் பின் இலக்கம் எடுபடாமல் போகலாம் என்பதால் உண்மையான பாஸ்வேர்ட் தெரிந்திருக்கவேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். அதை மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடிக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டு வோல்டேஜில் கை வையுங்கள்.

டாஸ்க் ஷெடியூலரை அரைகுறையாக நிரப்புவது

"கிரியேட் பேஸிக் டாஸ்க்" வேண்டாம், "கிரியேட் டாஸ்க்" என்பதைத் திறவுங்கள்.

முதல் பக்கத்தில் "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்" தெரியப்பட்டிருக்கவேண்டும். அதற்கு மேலே "ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லொக்ட் ஒன்" இருக்கட்டும். மற்றதைத் தெரிந்தால் புரோகிராம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும், மூலையில் ஐகன் வராது. ஓடவில்லை என்று நினைத்து நீங்கள் இன்னொன்றைத் திறப்பீர்கள்.

ட்ரிகர்ஸ் பக்கத்தில் "அட் லொக் ஒன்", உங்கள் பெயருக்கு மட்டும். கீழே "டிலே டாஸ்க் ஃபோர்" என்பதில் 1 நிமிடம் போடுங்கள். என்றாவது வோல்டேஜ் பிழைத்தால், டாஸ்க்கைத் திறந்து "டிஸேபிள்" அழுத்த உங்களுக்கு ஒரு நிமிடம் இருக்கும். சேஃப் மோட்வரை போகத் தேவையில்லை.

கொண்டிஷன்ஸ் பக்கத்தைக் கனபேர் திறப்பதே இல்லை. ஏ.சி. பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு, பட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டு பெட்டிகளும் அங்கே தாமாகவே தெரியப்பட்டிருக்கும். கரண்ட் நின்ற நேரம் லப்டொப்பைத் திறந்தால் டாஸ்க் தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் த்ரொட்டில்ஸ்டொப்பையே மூடிவிடும். மூடினாலும் எழுதிய வோல்டேஜ் உடனே போகாது, அடுத்த ஸ்லீப்போடுதான் போகும். அதனால்தான் "சில நாள் வேலை செய்யுது, சில நாள் இல்லை" என்று தலையைப் பிய்க்கிறார்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தில் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று ஒன்று இருக்கும். அதையும் எடுங்கள்.

ஓடியதும் மூடிவிடுவது

மூடாதீர்கள். ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போது வோல்டேஜைத் திரும்ப எழுத அது ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஒப்ஷன்ஸில் "ஸ்டார்ட் மினிமைஸ்ட்" தெரிந்துவிட்டால் கண்ணில் படாது.

பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பது

எஃப்.ஐ.வி.ஆர். ஜன்னலில் "லொக்ட்" என்று காட்டினால் எந்த டாஸ்க்கும் உதவாது. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது, இலக்கம் சி.வி.ஈ-2019-11157. அதன்பின் வந்த பயோஸ் அப்டேட்கள் பல லப்டொப்களில் வோல்டேஜ் மாற்றுவதையே பூட்டிவிட்டன. பயோஸ் அப்டேட் விண்டோஸ் அப்டேட்டோடும் வந்து சேரலாம். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் பயோஸ் பதிப்பைப் பாருங்கள்.

பூட்டு இல்லை, ஸ்லைடரும் நகர்கிறது, ஆனால் மேலே உள்ள அட்டவணையில் ஒஃப்செட் (நீங்கள் குறைத்த அளவு) பூச்சியத்திலேயே நிற்கிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியில் "கோர் ஐசொலேஷன்", அதற்குள் "மெமரி இன்டெக்ரிட்டி" ஒன் ஆக இருக்கும். கணினி விஞ்ஞானம் படிக்கும் பெடியளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.2 அல்லது மெய்நிகர் கணினி ஓட்டும் ஹைப்பர்-வி போட்டிருப்பது. வோல்டேஜா, லினக்ஸா என்று ஒன்றைத் தெரியவேண்டிவரும். மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்துவது பாதுகாப்பைக் குறைக்கும். வங்கிக் கணக்குப் பார்க்கும் மெஷினில் நான்கு பாகை சூடு குறைவதற்காக அதைச் செய்வதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

இரண்டு மென்பொருள் ஒன்றாக

இன்டெலின் சொந்த மென்பொருளான எக்ஸ்.டி.யூ.வும் த்ரொட்டில்ஸ்டொப்பும் ஒரே ரெஜிஸ்டரில் எழுதும். ஒன்றை அகற்றுங்கள்.

ரைசன் லப்டொப்பில் த்ரொட்டில்ஸ்டொப் தேடுவது

அது இன்டெலுக்கு மட்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் புரொசெசர் உள்ள லப்டொப்புக்கு, வாட் எல்லையை மாற்றும் ரைசன்அட்ஜ் இருக்கிறது. அதில் அளவு மில்லிவாட்டில்: 25 வாட் என்றால் 25000 என்று எழுதவேண்டும். 25 என்று எழுதிவிட்டு "மெஷின் செத்துப்போச்சு" என்று வராதீர்கள். அது ஒருதரம் எழுதிவிட்டு மூடிக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிப் போட்டாலோ ஸ்லீப்பில் போட்டாலோ பல லப்டொப்களில் பழைய எல்லை திரும்பிவிடும். ஆகவே லொகினுக்கு ஒரு ட்ரிகர் போதாது. ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போதும் ஓடும்படி இரண்டாவது ட்ரிகர் போடுங்கள்: ஈவன்ட் வகை, லொக் "சிஸ்டம்", மூலம் "பவர்-ட்ரபிள்ஷூட்டர்", இலக்கம் 1. ரைசன்அட்ஜ் பாவிக்கும் வின்ரிங்0 டிரைவரை 2025 மார்ச்சிலிருந்து விண்டோஸ் டிஃபெண்டர் ஹேக்டூல் என்று பிடிக்கிறது. ஒருநாள் திடீரென்று நின்றால் முதலில் டிஃபெண்டர் பிடித்த கோப்புகளை அடைத்துவைக்கும் குவாரன்டைனைப் பாருங்கள்.

எண் வட்டமாக வரவில்லை என்று திருத்துவது

மைனஸ் 100 போட்டால் 99.6 அல்லது 100.6 என்றுதான் நிற்கும். ஒரு படி கிட்டத்தட்ட 0.98 மில்லிவோல்ட் என்பதால் அப்படி. ரீஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து அட்டவணையில் கோருக்கும் கேஷுக்கும் அதே எண் தெரிந்தால் டாஸ்க் ஓடிவிட்டது.